ஓனருக்குச் சொல்லியாச்சு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று என் முதல் மனைவி சொன்னாள். இரண்டாவது மனைவியும் சொன்னாள். சொல்லிவிட்டு இருவரும் போய்விட்டார்கள். இருக்கட்டும். முப்பத்தைந்து வருஷமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் அடுத்தவன் கெடுத்து வைத்த சுவரைப் பிய்த்துத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பவனுக்குக் கோபம் வராமல் வேறு என்னதான் வரும்?

எங்கள் ஊர் வீட்டுச் சுவரில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. உள்ளே வரிசையாக மரக்கட்டைகள் நிற்கும். அதன்மேல் ஜிப்சம் போர்டை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, இடுக்கில் பட்டி பூசி, பெயின்ட் அடித்தால் சுவர். போர்டின் இரண்டு பக்கமும் காகிதம். காகிதம் ஈரமானால் பூஞ்சை பிடிக்கும். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும் இந்த விஷயம், வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாது.

செவ்வாய்க்கிழமை காலை ஆர்லன் பிரிங்கர் போன் செய்தான். அவனுக்கு ஊருக்குள் நாற்பது வீடு. இருபது வருஷமாக அவன் வீட்டுச் சுவர்கள்தான் எனக்குப் பாதிச் சோறு போட்டன.

"டெல்லு, மார்லோ தெருவுல ஒரு பாத்ரூம். கீழ ரெண்டடி போர்டு கருத்துப் போச்சு. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள மூடிக் குடுத்துடு."

"பைப்பைப் பாத்தியா?"

"பைப்புக்கு ஒண்ணுமில்லப்பா. குடியிருக்கிறவ ஃபேன் போடறதில்ல, ஜன்னலத் தொறக்கறதில்ல. மணிக்கணக்கா வெந்நீர விட்டுக் குளிக்கறா, சுவர் நாறிப் போச்சு. வியாழக்கிழமை கோர்ட்டு. அவளக் காலி பண்ண வைக்கப் போறேன். அதுக்குள்ள சுவர் பளிச்சுனு இருக்கணும், போட்டோ எடுக்கணும்."

சரி என்றேன். எனக்கு அதில் என்ன வந்தது?

வீடு வெளிர் நீலம். கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயது சொச்சம் இருக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்கள் போடும் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். காலை டிரிப் முடித்து வந்திருக்கிறாள், மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பப் போகவேண்டும். பெயர் ரோண்டா.

"பிரிங்கர் அனுப்பின ஆளா? ஷூவக் கழட்ட வேணாம் பெரியவரே. இதுக்கு மேல அழுக்காகறதுக்கு இந்த வீட்ல இடமில்ல."

சோபாவில் அவள் மகள் கெய்லா போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. மூக்கிலும் வாயிலும் நெபுலைசர் மூடி. மெஷின் கொர்ரென்று ஓட, குழந்தை டிவியில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. பனிக்காலம் ஆரம்பித்ததிலிருந்து மூன்று தடவை அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதாக ரோண்டா சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

"மூணு வருஷமா இங்க இருக்கேன். வந்த மொத மாசமே சுவர் வேர்க்குதுன்னு சொன்னேன். வெள்ளை பெயின்ட் அடிச்சான். மறுபடி சொன்னேன், மறுபடி அடிச்சான். மூணாவது தடவை நகராட்சிக்குப் புகார் குடுத்தேன், உடனே காலி பண்ணுன்னு நோட்டீஸ் வந்துச்சு. என்னமோ நான்தான் அந்தப் பூஞ்சையத் தண்ணி ஊத்தி வளத்த மாதிரி! வியாழக்கிழமை ஜட்ஜம்மா அவன் பக்கம் சொல்லிட்டா, என் பேரு கோர்ட்டு லிஸ்ட்ல ஏறிடும். அப்புறம் இந்த ஊர்ல ஒருத்தன் எனக்கு வீடு தரமாட்டான். நானும் இவளும் கார்லதான் படுக்கணும், தெரியுமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நான் சுவர் போடறவன்" என்றேன்.

"ஆமாமா. எல்லாரும் எதையாவது ஒண்ணு போடறவங்கதான்" என்றாள்.

பாத்ரூமுக்குள் போனதுமே அந்த வாடை. ஈரத் துணியை மூட்டை கட்டி ஒரு மாசம் மறந்துபோனால் வருமே, அது. குளிக்கும் தொட்டியைச் சுற்றி பிளாஸ்டிக் மறைப்பு. அதன் ஓரத்திலிருந்து கமோடு வரைக்கும் ஜிப்சம் போர்டு. தரைக்கு மேல் ரெண்டடி உயரத்துக்குச் சுவர் உப்பி, பெயின்ட் தோல் தோலாக உரிந்து, உரிந்த இடத்தில் எல்லாம் கறுப்புப் புள்ளி. விரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது.

வாசலில் பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டு ஓரமெல்லாம் டேப் ஒட்டினேன், குழந்தை பக்கம் தூசி போகக்கூடாது. முகமூடியை மாட்டிக்கொண்டு கத்தியை எடுத்தேன். இரண்டு கீறல் போட்டுக் குட்டிக் கடப்பாரையைக் கொடுத்து இழுத்ததும், போர்டு ஈர பிஸ்கட் மாதிரிக் கையோடு வந்தது. பின்பக்கம் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாக ரோமம்.

வந்த துண்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. தரையிலிருந்து மூணடி உயரத்துக்கு இது பழைய சுவரில்லை. எவனோ முன்பே ஒரு தடவை வெட்டி எடுத்து ஒட்டுப்போட்டிருக்கிறான். அதையும் என்ன லட்சணத்தில் போட்டிருக்கிறான்! குளிக்கும் அறைக்கென்றே ஈரம் தாங்கும் பச்சைப் போர்டு இருக்க, மலிவான வெள்ளைப் போர்டு. தரைக்கும் போர்டுக்கும் நடுவே அரை அங்குலம் விடவேண்டும். விடாமல் தரையில் கொண்டுபோய் ஊன்றி வைத்திருக்கிறான், தரையில் சிந்துகிற ஒவ்வொரு சொட்டையும் அது விளக்குத் திரி மாதிரி உறிஞ்சியிருக்கிறது. உள்ளே கறுத்துப்போன கட்டையைச் சுரண்டக்கூட இல்லை. அதன்மேல் கறை மறைக்கிற வெள்ளை பிரைமரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூடியிருக்கிறான்.

வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தேன்.

"இவனுக்கெல்லாம் எவன் கத்தியக் கையில குடுத்தான்? ஸ்க்ரூவப் பாரு, முழத்துக்கு ஒண்ணு! சாமான் வாங்கற காசு சொந்தக் காசா? இந்தச் சுவரப் போட்டுட்டு ராத்திரி வீட்டுக்குப் போய் எப்படிச் சோறு எறங்கிச்சு இவனுக்கு? இவன் வீட்டுக் குழந்தை குளிக்கற எடத்துல இப்படிப் போடுவானா, திருட்டுப் பய!"

பிளாஸ்டிக் தாளுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். ரோண்டா காபிக் கோப்பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் திட்டுங்க பெரியவரே. மூணு வருஷமா எனக்குத் திட்டத் தெரியல, எங்க எதத் திட்டணும்னு நீங்க இல்ல சொல்றீங்க! அவன் அட்ரஸ் கெடச்சா எங்கிட்ட குடுங்க. பஸ்ஸை ஏத்திடறேன்."

"அட்ரஸ் கெடைக்காது. பேரு கெடைக்கும்" என்றேன்.

"எப்படி?"

"மூடறதுக்கு முன்னாடி கட்டையில பென்சிலால பேரும் தேதியும் எழுதாத ஆளே எங்க தொழில்ல கெடையாது. மேஸ்திரியும் எழுதுவான், திருடனும் எழுதுவான். யாரு படிக்கப் போறா, ஆனாலும் எழுதுவோம்."

உண்மைதான். பழைய சுவர்களைத் திறந்து எத்தனையோ படித்திருக்கிறேன். பெயர், தேதி, அன்றைக்குப் பனி எவ்வளவு, பந்தாட்டத்தில் எந்த அணி ஜெயித்தது. ஐம்பத்தொன்றாம் வருஷத்துக் கட்டை ஒன்றில் எவனோ 'இன்று மகன் பிறந்தான்' என்று எழுதியிருந்தான். அதை நான் மூடாமல் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்தத் திருட்டுப் பயலைக் கையும் களவுமாகப் பிடித்துவிடும் ஆவேசத்தில் இன்னும் ஒரு அடி மேலே கீறி இழுத்தேன். குழாய் தெரிந்தது. ஷவருக்கு ஏறுகிற செப்புக் குழாயின் மூட்டில் பச்சைக் களிம்பு கட்டி, அதிலிருந்து நிதானமாக ஒரு சொட்டு. ஃபேன் போடாததால் வந்த ஈரமாம்! குழாய்க்குப் பக்கத்துக் கட்டையில் பிரைமர் படாத இடத்தில் பென்சில் எழுத்து. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.

'டெல் கோசிக். 2013 பிப்ரவரி 6. பைப் மூட்டு ஒழுகுது. கட்டை அடியில் அழுகல். ஓனருக்குச் சொல்லியாச்சு.'

நான் இடதுகைக்காரன். என் எழுத்தெல்லாம் பின்பக்கம் சாய்ந்து நிற்கும். இந்த எழுத்தும் சாய்ந்து நின்றது.

பிரிங்கருக்கு அந்த வருஷம் மட்டும் இருபது பாத்ரூம் செய்தேன். வீடு அப்போது பழுப்பாக இருந்திருக்கும், வெளியே புதுசாக நீலத் தகடு அடித்திருக்கிறார்கள். வீட்டை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் கையெழுத்து தெரிந்தது.

"பேரு இருக்கா?" ரோண்டா கேட்டாள்.

"இல்லம்மா. அழிஞ்சு போச்சு" என்றேன்.

ஆமாம், பொய் சொன்னேன். இவ்வளவு வாய் கிழியக் கத்தினவன் பொய் சொன்னேன். அதற்கு வெட்கப்படக்கூட நேரமில்லாமல் பிரிங்கருக்குப் போன் செய்தேன், அவன் மேல் கத்தித் தீர்த்துவிட்டால் என் பங்கு கரைந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

பத்து நிமிஷத்தில் வந்தான். ரோண்டாவைப் பார்க்காத மாதிரிக் கடந்து, பிளாஸ்டிக் தாளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, நான் காட்டிய இடத்தைக் குனிந்து படித்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"இதுக்கா கூப்பிட்ட? அழுகின கட்டை. அறுத்து எடுத்துட்டுப் புதுசு வை. நீதான எப்பவும் சொல்லுவ, கெட்ட கட்டைய உள்ள விடக்கூடாதுன்னு. இப்ப ஒழுங்கா செய். பைப்பையும் புதுசு போட்டுடலாம், நாளைக்குக் காலைல ஆள் வரும்."

வேடிக்கையைப் பாருங்கள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒழுங்கான வேலை செய்யச் சொல்கிறான். ஒழுங்காகச் செய்தால் கட்டை குப்பைக்குப் போகும், களிம்பு பிடித்த மூட்டு குப்பைக்குப் போகும், வியாழக்கிழமை கோர்ட்டில் ரோண்டாவின் வெந்நீர்க் குளியல் மட்டும் மிஞ்சும்.

"அன்னைக்கு உங்கிட்ட சொன்னேன் ஆர்லன். பிளம்பர நான் அனுப்பறேன், நீ மூடுன்னு சொன்ன."

"அனுப்ப மறந்திருப்பேன். அதுக்கு இப்ப என்ன? உன் பேரும்தான் அதுல இருக்கு. அழுகல்னு தெரிஞ்சே மூடினவன் யாரு, நானா? வயசான காலத்துல உனக்கு எதுக்கு இந்த வம்பு?" தோளில் கை வைத்தான். "மூடு டெல்லு. எப்பவும் மூடற மாதிரி."

நல்ல மனசோடுதான் சொன்னான். இருபது வருஷமாக அவன் என்னை எதற்காகக் கூப்பிட்டான் என்று அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துபோயிற்று. ஊரில் என்னைவிட மலிவாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், வேகமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்டுவிட்டு, பதிலைச் சுவருக்குள் எழுதி, அதன்மேல் போர்டை வைத்து மூடுகிறவன் நான் ஒருவன்தான் அவனுக்குக் கிடைத்தேன்.

"கைய எடுடா" என்றேன்.

"என்ன?"

"கைய எடுடான்னேன்! நாற்பது வீட்டு சொந்தக்காரனுக்கு ஒரு பிளம்பரக் கூப்பிட பதினோரு வருஷம் போதலையா? வெளிய அந்தக் கொழந்த மூச்சுக்கு மெஷின் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, நீ போட்டோ எடுக்க வந்துட்டியா, போட்டோ!"

பிளாஸ்டிக் தாளைப் பிடித்து இழுத்துக் கிழித்தேன். ரோண்டா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வாம்மா. வந்து படி. போன்ல படம் எடுத்துக்கோ."

அவள் குனிந்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். நிமிர்ந்தாள்.

"டெல் கோசிக் யாரு?"

"நான்தான்."

என்னையே பார்த்தாள். பிரிங்கர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"பஸ் டெப்போல நிக்குது. வாசல்ல நின்னிருந்தா இப்பவே ஏத்தியிருப்பேன்" என்றாள்.

பிரிங்கர் என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனான். இனி அவன் வீட்டு வாசல் பக்கம் நான் வரக்கூடாதாம். நான் சாமான்களை எடுத்துக்கொண்டு சுவரைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் நகராட்சி ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போனதாக ரோண்டாவின் இலவச சட்ட உதவி வக்கீல் போனில் சொன்னார். நான் கிழித்துப் போட்டிருந்த போர்டுத் துண்டின் முதுகில் ஆலை அடித்த தேதி முத்திரை இருந்ததாம், 2012. பென்சில் எழுத்து நேற்று எழுதியது என்று பிரிங்கர் யார் காதிலும் பூ சுற்ற முடியாது.

வியாழக்கிழமை சாட்சி சொல்ல இஸ்திரி போட்ட சட்டையோடு கோர்ட்டுக்குப் போனேன். நீதிபதி அம்மா நரைத்த தலையோடு, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். என் கையெழுத்துதான் என்றேன். ஒழுகியது தெரியும் என்றேன். பிரிங்கரிடம் சொன்னேன், அவன் மூடச் சொன்னான், மூடினேன் என்றேன். அதுவரைக்கும் குரல் நன்றாகத்தான் வந்தது. பிரிங்கரைப் பார்த்து முறைக்கக்கூடச் செய்தேன்.

"ஓனருக்குச் சொன்னீங்க, சரி. அப்ப அந்த வீட்ல குடியிருந்தவங்களுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டதும் அந்தப் பிப்ரவரி அப்படியே வந்து நின்றது. ஹாலிஸ் என்று ஒரு கிழவர். டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். வெளியே பனி கொட்டுகிறதென்று எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார், பாலாடைக்கட்டி வைத்து ரொட்டி சுட்டுக் கொடுத்தார். இருமிக்கொண்டே கொடுத்தார். நான் கிளம்பும்போது, "எல்லாம் சரியாயிடுச்சா தம்பி?" என்று கேட்டார். "புது சுவர் ஐயா. இருபது வருஷம் தாங்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பென்சில் அப்போது என் காதில்தான் செருகியிருந்தது. அவர் அதன் பிறகு எத்தனை நாள் இருமினார், எங்கே போனார், எனக்குத் தெரியாது.

"சொல்லல அம்மா" என்றேன்.

"ஏன்?"

"கட்டையில எழுதினேன்" என்றேன். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, ரோண்டாவும் சிரிக்கவில்லை.

வழக்கைத் தள்ளிவிட்டார். ரோண்டா வீட்டில் இருக்கலாம். முப்பது நாளுக்குள் பிரிங்கர் தன் செலவில் சுவரைச் சரிசெய்ய வேண்டும். யாரை வைத்துச் செய்வது என்ற பேச்சு வந்தபோது ரோண்டா எழுந்து என்னைக் கைகாட்டினாள்.

"இவரே செய்யட்டும். நான் பக்கத்துல நின்னு பாப்பேன்."

வெளியே வராந்தாவில் அவள் கிட்டே போய் நின்றேன். என்ன எதிர்பார்த்தேன்? பொழைப்பில் பாதியை இழந்துவிட்டு வந்து சாட்சி சொல்லியிருக்கிறேன், ஒரு நல்ல வார்த்தை வரும் என்றுதான் நினைத்தேன், அதில் என்ன மறைக்க இருக்கிறது?

"நன்றி சொல்லணுமாக்கும்?" என்றாள். "எம் பொண்ணு மூணு வருஷம் அந்தச் சுவர மோந்துக்கிட்டுக் குளிச்சா. நீங்க எழுதி வச்சிருந்தீங்க. சுவருக்குள்ள! தபால் பெட்டியிலயாவது போட்டிருக்கலாம்ல?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான்கு நாள் வேலை. கெய்லாவைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, டிரிப் இல்லாத நேரமெல்லாம் ரோண்டா ஒரு முக்காலி போட்டுக் கதவருகே உட்கார்ந்துகொண்டாள். போர்டை ஈரம் தொடாத இடம்வரைக்கும், கூரை மட்டத்துக்கே வெட்டி எடுத்தேன். பிளம்பர் வந்து குழாயை மாற்றினார். அழுகிய கட்டைகள் மூன்று. மூன்றையும் எடுத்துப் புதுசு நிறுத்தினேன். என் பெயர் இருந்த துண்டை வக்கீல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மற்றக் கட்டைகளைச் சுரண்டி, கழுவி, மின்விசிறி வைத்து இரண்டு நாள் காயவிட்டேன். கூரைக்குள்ளேயே ஈரக் காற்றைக் கக்கிக்கொண்டிருந்த ஃபேனுக்குக் குழாய் வைத்து வெளியே விட்டேன். எதற்கு இது, எதற்கு அது என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

கடைசி நாள் பச்சைப் போர்டை அளந்து வெட்டிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, காதிலிருந்து பென்சிலை எடுத்தேன். பழக்கம். கை தானாகக் கட்டைக்குப் போயிற்று.

"என்ன எழுதப் போறீங்க?" என்றாள் ரோண்டா.

கை நின்றது.

"அத எங்கிட்ட சொல்லுங்க."

பென்சிலை மறுபடியும் காதில் செருகிக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் செய்யாத வேலை.

"டெல் கோசிக்" என்றேன். "இன்னைக்கு மார்ச் இருபத்தொம்போது. பைப் மூட்டு புதுசு, ஒரு மணி நேரம் தண்ணிய விட்டுப் பாத்தோம், ஒழுகல. கட்டை மூணு புதுசு. தொட்டிக்குப் பின்னால ஒரு கட்டையில மட்டும் லேசாக் கறை இருக்கு, காஞ்சுதான் இருக்கு. ஆனா உறுதியா சொல்ல முடியாது. ஆறு மாசம் கழிச்சுத் தொறந்து பாக்கணும்."

முக்காலியிலிருந்து எழுந்து வந்து அந்தக் கறையைத் தொட்டுப் பார்த்தாள். விரலை மோந்து பார்த்தாள். போர்டின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள்.

"இப்ப மூடுங்க" என்றாள்.